ஆவணி மூன்றாந் திகதி

அந்த நாட்களில் மார்க்கண்டுவின் தோட்டா வெடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். தொண்டைமானாற்றில் விடியற்காலை தாரா வாத்துச் சுடப் போகிறவர்கள் யார், யாருடைய கையில் எந்தத் துவக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் சத்தம் வந்ததும், இது அவன் நிரப்பியது, இது நான் நிரப்பியது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிவிடுவேன். அவனுடையது ஒரே வெட்டாக 'டொம்' என்று முடியும். என்னுடையதில் வெடிக்கு முன்னால் சின்னதாக ஓர் இருமல் இருக்கும். உலக யுத்தத்துக்கு முந்தி அந்த இருமல் இருந்ததில்லை. சத்தியமாக இருந்ததில்லை.

என் பெயர் சிமியோன். ஊரில் பேக்கரியில் பாண் போடுகிற சிமியோன் ஒருவர் இருப்பதால் என்னைத் 'தோட்டாச் சிமியோன்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் என் நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் போவதாக என் மனைவி தேவகுமாரி கேலி செய்வாள். போகட்டுமே. இருபத்திரண்டு வருடமாக வடமராட்சியில் வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாமல் இருந்தது. துவக்குக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சுட்டு முடித்த வெறும் பித்தளைக் கூடுகளைக் கொண்டுவந்து தருவார்கள். கோது என்போம். கோதின் அடியில் ஒரு சின்னக் கேப் இருக்கும். துவக்கின் ஊசி அதில் அடித்துத்தான் வெடி பிறக்கிறது. வெடித்த கேப்பைத் தட்டி எடுத்து, புதியதை இறுக்கி, மருந்தும் தக்கையும் ஈயச் சன்னமும் போட்டு, வாயில் ஒரு வட்ட மட்டை வைத்து மூடினால், கோது மறுபடி தோட்டா. நல்ல பித்தளை என்றால் ஒரே கோது இருபது தரம் வரும்.

மேல் மட்டைக்கு நான் பாவித்தது ஞாயிறு பாடசாலைப் படச் சீட்டுகள். பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சியவை ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன. தாரா சுட்டவர்கள் தண்ணீரில் தேவதூதரின் மூக்கும் ஆட்டுக்குட்டியின் காலும் மிதந்து வந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. என் சரக்கு என்று ஊருக்கே தெரிகிறதல்லவா.

பிறகு மார்க்கண்டு வந்தான்.

தெல்லிப்பழைப் பக்கத்துக் கமக்காரன், தோட்டம் செய்கிறவன். எங்கள் ஊர் இராசாத்தியைக் கட்டி, என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியேறினான். என்னைவிடப் பதினைந்து வயது இளமை. படிப்பு நாலாம் வகுப்பு. இங்கிலீசில் ஓரெழுத்துத் தெரியாது. வாழைத் தோட்டத்துக்கு வரும் வௌவாலுக்கு என்று தானே நாலு தோட்டா நிரப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு. பிறகு லைசென்ஸ் எடுத்தான். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தது நான். இப்போது நினைத்தாலும் அந்தக் கையைக் கடித்துத் துப்பலாம் போலிருக்கிறது.

யுத்தம் வந்து சீமைத் தோட்டா நின்றது. என் பழைய கோதுகள் தேய்ந்து, வெடித்து, கேப் இறுகாமல் தளர்ந்து போயின. இருமல் வந்தது அதனால்தான். மார்க்கண்டுவோ பலாலிக் காம்பிற்குக் கூலிக்குப் போனவர்கள் பொறுக்கி வந்து விற்ற பட்டாளத்துக் கோதுகளை வாங்கினான். அங்கே விமானத்திலிருந்து சுடப் பழகுகிறவர்கள் முதலில் தரையில் நின்று 'பன்னிரண்டு போர்' என்கிற குழாயளவுத் துவக்கால் பழகுவார்களாம். பித்தளை என்றால் அதுதான் பித்தளை. தடிப்பும் பளபளப்பும் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. நானும் பத்துக் கோது வாங்கினேன். வாங்கி என்ன? சீமைக் கோதின் அடியில் நட்ட நடுவே ஒரு துளை இருக்கும். உள்ளே ஆணியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் பழைய கேப் விழுந்துவிடும். பட்டாளத்துக் கோதில் அந்த இடத்தில் ஒரு குமிழ். குமிழின் இரு பக்கமும் குண்டூசி முனையளவில் இரண்டு துளைகள். ஆணி குமிழில் முட்டி வளையுமே தவிரக் கேப் அசையாது.

மார்க்கண்டுவுக்கு மட்டும் அசைந்தது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாக என் வயிறு எரிந்தது இந்த ஒரு கேள்வியால்தான்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாகக் கழன்றவர் பஞ்சலிங்கம். பூநகரியில் வயல் வைத்திருப்பவர். சங்குப்பிட்டித் துறை தாண்டி, பஸ் மாறி, பதினைந்து வருடமாக என்னிடம் வந்தவர். அவரிடம் வாங்கித்தான் அந்தப் பக்கம் மூன்று ஊரார் பன்றிக்குக் காவல் இருப்பார்கள். ஒரு நாள் சாக்குப் பையோடு என் படலையைத் தாண்டி நடந்தார். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் செருப்பில் ஏதோ குத்திய மாதிரிக் குனிந்தார்.

"என்ன காணும் பஞ்சலிங்கம், வீடு மறந்து போச்சோ?" என்றேன்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. போன முறை பண்டி முன்னாலை நிக்குது, தோட்டா இருமிக்கொண்டு நிக்குது. பண்டி சிரிச்சிட்டுப் போட்டுது."

பன்றி சிரித்ததோ என்னவோ, அவர் சிரித்தார். நான் உள்ளே வந்து தண்ணீர்ச் செம்பைச் சுவரில் எறிந்தேன்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் செய்தேன். ஐம்பத்து மூன்று வயதில், ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற கோட்டோடு, மார்க்கண்டுவின் கிடுகு வேலியில் கண்ணளவு ஓட்டையாக ஒரு பொட்டு வைத்து எட்டிப் பார்த்தேன். என்ன மருந்து ஊற்றுகிறான், என்ன ஆயுதம் வைத்திருக்கிறான்? கண்டதெல்லாம் இராசாத்தி வாளியில் தண்ணீர் கொண்டு போனதுதான். மாமரத்தடியில் அவன் வேலை செய்கிற இடம் முழுவதும் ஈரமாகக் கிடந்தது. மனுசி நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள், எனக்கு வாய்த்தவள் என் வேலைக் கொட்டில் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்று அதற்கும் சேர்த்து எரிந்துகொண்டு வந்தேன்.

அந்த மாசி மாதம் ஒரு நாள் நெல்லியடிச் சந்தையிலிருந்து திரும்பி வர, தேவகுமாரி வாசலுக்கே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, மார்க்கண்டர் வந்திட்டுப் போறார். உங்களிட்டைச் சொல்லச் சொல்லி—"

"உவன்ரை பேரை இந்த வீட்டிலை எடுக்கக் கூடாது."

"இல்லை, அந்தக் கோது—"

"எடுக்கக் கூடாதெண்டு சொன்னனான்!"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "சரி, எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். தேவகுமாரி சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

ஆடி மாதம் முடிகிற நேரம், ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறில், மார்க்கண்டுவே மறுபடி வந்தான். கையில் நாலாக மடித்த ஓர் அச்சுக் கடதாசி.

"அண்ணை, காம்பிலை வேலை செய்யிற ஆள் ஒருத்தன் கொண்டந்து தந்தவன். இங்கிலீசிலை கிடக்குது. என்னெண்டு ஒருக்கால் பாருங்கோ."

ஊரில் இங்கிலீசு தெரிந்த மாஸ்டர்மார் நிறையப் பேர். அவர்களையெல்லாம் விட்டு என்னிடம் வருவானேன்? தன் கெட்டித்தனத்தைக் காட்டத்தான் வருகிறான் என்று நினைத்தபடி விரித்தேன். கவண்மேந்து ஏல நோட்டீஸ். யுத்தம் முடிந்து மிஞ்சிய சாமான்களைப் பலாலிக் காம்ப் வாசலில் ஏலம் விடுகிறார்கள். கூடாரம், சப்பாத்து, நுளம்பு வலை, டயர் என்று பட்டியல் நீண்டு போனது. கீழே பதினேழாவதாக: சுட்ட பித்தளைக் கோது, பன்னிரண்டு போர், எட்டுச் சாக்கு. திகதி ஆகஸ்ட் மூன்று, காலை பத்து மணி.

எட்டுச் சாக்கு! அது யார் கையில் விழுகிறதோ, அடுத்த இருபது வருடத்துக்கு அவன்தான் இந்தப் பகுதிக்குத் தோட்டாக்காரன். மற்றவன் லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். பதினேழாவது வரியை இன்னொரு தரம் வாசித்தேன்.

"கோது கிடக்குதோ அண்ணை?"

"ஓம். கிடக்குது."

"எப்ப ஏலம்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் மாதத்துக்குப் பெயர் ஒன்று, மாதம் இரண்டு. பள்ளிக்கூடம், தபாற்கந்தோர், அரசாங்கக் கச்சேரி என்று பழகினவர்கள் ஆகஸ்டைத்தான் ஆவணி என்பார்கள். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களின் ஆவணி அதற்குப் பதினாறு நாள் பிந்திப் பிறக்கும். ஆகவே யாராவது திகதி சொன்னால், "தமிழோ, இங்கிலீசோ?" என்று கேட்பது வழக்கம். கேட்காதவன் கலியாண வீட்டுக்குப் போய்ப் பந்தல் பிரிக்கிறதைப் பார்த்துவிட்டு வருவான். மார்க்கண்டு விதைப்பதும் அறுப்பதும் விரதம் பிடிப்பதும் பஞ்சாங்கத்தில். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஆவணி மூண்டாந் திகதி. காலமை பத்து மணி" என்றேன்.

சொல்லிவிட்டு அவன் வாயைப் பார்த்தேன். கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவன் விரலை மடித்து ஏதோ எண்ணி, "அப்ப நாள் கிடக்குது" என்றான்.

"ஓம்."

"அண்ணை, நான் ஒண்டு யோசிச்சனான். நாங்கள் ரெண்டு பேரும்—"

"எனக்குச் சந்தைக்கு நேரமாகுது. பிறகு கதைப்பம்" என்று எழும்பிவிட்டேன்.

நோட்டீஸை என்னிடமே விட்டுப் போனான். அதை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். பிறகு எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

ஆகஸ்ட் மூன்று சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் அச்சுவேலிக்குப் போய் அங்கிருந்து பலாலிக்குப் போனேன். காம்ப் வாசலில் திருவிழாக் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த ஒரு துரை மேசைமேல் ஏறி நின்று கூவினார். யாழ்ப்பாணத்து முதலாளிமார் டயருக்கு அடிபட்டார்கள். ஒருவர் நூறு சோடி சப்பாத்து எடுத்து, எல்லாம் இடது கால் என்று பிறகு கண்டு, துரையோடு வாய்த் தர்க்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இறங்குகிற ஒவ்வொரு வேட்டியும் மார்க்கண்டுவின் வேட்டி மாதிரியே தெரிந்தது.

பதினேழாவதுக்கு இரண்டே பேர் கேட்டோம். மற்றவர் பொன்னம்பலம் என்ற பாத்திர வியாபாரி. உருக்கிக் குத்துவிளக்கு வார்ப்பதற்கு. நான் விடவில்லை. அவர் ஏறினால் நானும் ஏறினேன். தேவகுமாரியின் கைவளையல் போகிற அளவுக்கு ஏறின பிறகுதான் அவர், "உமக்கென்ன விசரோ? சுட்ட கோது காணும்!" என்று சொல்லிவிட்டு விலகினார். துரையின் ஏலச் சுத்தியல் விழுந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோசம் பித்தளைக்காக வந்ததல்ல. அவன் அங்கே இல்லாததற்காக வந்தது. அப்படி ஒரு சந்தோசம் என் கலியாணத்தன்றும் வந்ததில்லை.

அச்சுவேலியில் முன்பின் தெரியாத ஒரு வண்டில்காரனைப் பிடித்தேன். சாக்குகளுக்கு மேல் வைக்கோல் போட்டு மூடி, பின் ஒழுங்கையால் கொண்டுவந்து கொட்டிலுக்குள் இறக்கினேன்.

"ஏலத்திலை எடுத்ததை ஏன் ஒளிக்கிறியள்?" என்றாள் தேவகுமாரி.

"கள்ளர் இருக்கிறாங்கள். ஆரும் கேட்டால் எரு எண்டு சொல்லு."

அவள் மூக்கைச் சுளித்தாள். நான் அன்றைக்கே பஞ்சலிங்கத்துக்கு ஒரு தபாலட்டை போட்டேன்: 'பட்டாளத்துப் பித்தளையில் புதுத் தோட்டா. இருமல் இல்லை. வேண்டியதை எழுதவும்.' ஐந்தாம் நாள் பதில் வந்தது. மூன்று ஊருக்குமாக முந்நூறு தோட்டா. புரட்டாதி பத்தாந் திகதி தானே வந்து எடுப்பாராம். 'உங்களை நம்பி ஊராருக்குச் சொல்லிப் போட்டேன். விதைச்சு முடியப் பன்றி இறங்கும். கைவிட வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அந்த அட்டையை நாலு தரம் வாசித்தேன்.

வாசித்து என்ன? கேப் கழன்றால்தானே! மெல்லிய ஆணி, தடித்த ஆணி, தைக்கிற ஊசி, குடைக் கம்பி எல்லாம் கொண்டு தட்டினேன். அடியிலிருந்து கிளப்பப் பார்த்தேன், பித்தளை கிழிந்தது. நல்லெண்ணெயில் ஊறவைத்தேன். அமிலம் தடவினேன், கோதே ஓட்டையாயிற்று. ஒரு நாள் சுத்தியல் வழுக்கிப் பெருவிரலில் விழுந்து நகம் கறுத்தது. இரண்டு கிழமையில் முப்பது கோதைப் பாழாக்கி, சரியாகக் கழற்றியது இரண்டு. எட்டுச் சாக்கும் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றன. ஆராதனையில் மற்றவர்கள் பாட, நான் மனதுக்குள் மார்க்கண்டுவைத் திட்டினேன். வித்தையை ஒளித்து வைத்திருக்கிறான், வஞ்சகன் என்று திட்டினேன்.

ஏலம் முடிந்து பதினாறாம் நாள் காலை ஏழு மணியிருக்கும். படலையில் மாட்டு மணிச் சத்தம்.

"அண்ணை! இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

மார்க்கண்டு. வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சோடி மாடு பூட்டின இரவல் வண்டில். வண்டிலுக்குள் வடிவாக மடித்து அடுக்கிய வெறுஞ் சாக்குகள்.

"சந்நிதியானுக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். "வாருங்கோ, ஒண்டாப் போவம். அண்டைக்கு இதைத்தான் சொல்ல வாயெடுத்தன், நீங்கள் அவசரமாப் போட்டியள். ரெண்டு பேரும் எதிரெதிர் நிண்டு விலையை ஏத்தினா துரைக்குத்தானே லாபம்? ஒராள் கேப்பம். நீங்கள் கேளுங்கோ, உங்களுக்கு இங்கிலீசு தெரியும். எட்டுச் சாக்கிலை நாலு உங்களுக்கு, நாலு எனக்கு."

நான் வண்டிலுக்குள் கிடந்த வெறுஞ் சாக்குகளைப் பார்த்தேன். தேவகுமாரி தேத்தண்ணியோடு வந்தாள்.

"எங்கை மார்க்கண்டர், விடியக் காலமை?"

"பலாலி ஏலத்துக்கு அக்கா. இண்டைக்கெல்லோ ஆவணி மூண்டு."

"அது முந்தியே..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கொட்டிலைப் பார்த்தாள்.

"இங்கிலீசு மூண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "நான் சொன்னது இங்கிலீசு மூண்டு."

மார்க்கண்டு மாட்டின் திமிலில் கையை வைத்தபடி நின்றான். கண் எங்கேயோ போய் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தது. என் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"சீ! என்ரை பிழை அண்ணை. நான் எல்லோ கேட்டிருக்க வேணும். தேங்காய் ஒண்டுதான் நட்டம். ஆர் எடுத்ததாம்? உருக்கிப் போட்டாங்களோ?"

'ஓம்' என்ற ஒரு சொல் போதும். பல் வரைக்கும் வந்துவிட்டது.

"உங்கை கொட்டிலுக்கை கிடக்குது" என்றாள் தேவகுமாரி.

அவன் கொட்டிலுக்குள் போனான். நான் பின்னால் போனேன். திட்டுவான், குறைந்தது காறித் துப்புவான் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஒரு சாக்கைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு அளைந்து, "என்ன வடிவு!" என்றான். அப்போதுதான் நிலத்தில் கிடந்த வளைந்த ஆணிகளையும் துணி சுற்றின என் பெருவிரலையும் கண்டான்.

"ஆணியாலையோ தட்டினியள்? ஏன், அக்கா சொல்லேல்லையோ?"

"சொல்ல விட்டாத்தானே" என்றாள் அவள்.

மார்க்கண்டு என் தக்கை இடிக்கிற தடியை எடுத்தான். நுனியில் ஈரத் துணியை இறுக்கிச் சுற்றினான். ஒரு கோதைத் துளைப் பலகைமேல் நிமிர்த்தி, வாய் வரை தண்ணீர் வார்த்தான். தடியை உள்ளே வைத்து மேலே ஒரே ஓர் அடி. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. கேப் 'டிக்' என்று கீழே விழுந்து உருண்டது.

"தண்ணியை அமத்தினா ஒடுங்காது அண்ணை. அந்த ரெண்டு துளையாலையும் இறங்கிக் கேப்பைத் தள்ளிப் போடும். அவ்வளவுதான். இதைக் காட்டத்தான் மாசியிலை வந்தனான். நீங்கள் இல்லை. அக்காட்டைச் சொல்லிட்டுப் போனன். தனியத் தட்டித் தட்டி என்ரை தோள் போட்டுது. நீங்களும் செய்தா எனக்குப் பாதிச் சுமை குறையுமெண்டு யோசிச்சன்."

ஆறு மாதமாக அந்த வித்தை என் குசினிக்குள் இருந்திருக்கிறது. நான் வேலிப் பொட்டால் பார்த்திருக்கிறேன். வாளித் தண்ணீரைக் கண்ட பிறகும் காணாமல் வந்திருக்கிறேன்.

வெட்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது, பிறகு. முதலில் வந்தது பொறாமைதான். முகத்தில் தண்ணீர் வழிய நின்றுகொண்டு, இதிலும் இவன் என்னை முந்திவிட்டானே என்று எரிந்தேன். தோட்டாவில் முந்தினான், சரி. மனிசத்தனத்திலும் என்னை முந்த வேண்டுமா?

நாலு சாக்கை நானே தூக்கி அவன் வண்டிலில் வைத்தேன். தூக்கி முடியும் வரை தேவகுமாரி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரில் இருந்தாள்.

"அவருக்குத் தமிழ் மூண்டெண்டுதான் விளங்குமெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

அவள் குழம்பை வார்த்தாள்.

முந்நூறு தோட்டாவையும் இருவருமாக முடித்தோம். அவன் கேப் தட்டினான், நான் நிரப்பினேன். ஆற்றங்கரையில் வைத்து ஒன்றைச் சுட்டுப் பார்த்தோம். ஒரே வெட்டாக 'டொம்' என்றது. தேவதூதரின் செட்டை ஒன்று தண்ணீரில் ஆடி ஆடி இறங்கியது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஏமாந்தவன் ஏமாந்ததை மறந்துவிட்டான், அவன் மனதில் ஒன்றுமில்லை, நான் தப்பிவிட்டேன் என்று அன்றைக்கு உறுதியாக நினைத்தேன்.

அடுத்த நாள் அவன் வீட்டுக்குப் போனேன். மாமரத்தடியில் ஈர நிலத்தில் குந்தியிருந்து தட்டிக்கொண்டிருந்தான்.

"பஞ்சலிங்கம் புரட்டாதி பத்தாந் திகதி வாறாராம். நீரும் வந்து நில்லும்" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. தடியைக் கீழே வைத்து, ஈரக் கையைச் சால்வையில் துடைத்தான். கோபமில்லாமல், நேரம் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"தமிழ்ப் பத்தோ அண்ணை, இங்கிலீசுப் பத்தோ?"

"இங்கிலீசு" என்றேன்.

"சரி" என்று மறுபடி தட்டத் தொடங்கினான்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இன்றைக்கும் நானும் அவனும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். என் மகளின் கலியாணத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தலுக்குக் குழி வெட்டினவன் அவன். ஆனால் நான் எந்தத் திகதியைச் சொன்னாலும், கேப் வருகிற நாளோ, லைசென்ஸ் புதுப்பிக்கிற நாளோ, செத்த வீட்டின் முப்பத்தோராம் நாளோ, எதுவானாலும், அவன் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். நானும் பதில் சொல்கிறேன்.

மற்றவர்கள் திகதி சொன்னால் அவன் கேட்பதில்லை. நான் கவனித்துப் பார்த்துவிட்டேன்.